குமரப்பாவின் பொருளியலும் பள்ளிக்கூடத்துச் சோறும்

ஜே. சி. குமரப்பாவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வும், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கிராமத் தொழில்களுக்கே தம்மை ஒப்படைத்தவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது, 'நிலைத்த பொருளியல்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்'. 1945-இல் வெளிவந்த இந்த இரண்டாவது நூலை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பள்ளிகளை மனத்தில் கொண்டு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பிள்ளைகள் பள்ளியில் உண்ணும் சோற்றுக்கும் நம் ஊரில் விளையும் பயிருக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு அந்நூல் ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை போதுமானதா என்று பார்க்க வேண்டும்.

குமரப்பா பொருளியலை இயற்கையிலிருந்து தொடங்குகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு நிலை. தான் நடாத மாமரத்தில் பழம் பறிக்கும் குரங்கு மற்றொரு நிலை. தன் உழைப்பால் ஆக்கி உண்பது மூன்றாவது. கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை ஐந்தாவது, அதுவே உயர்ந்தது. இந்த அளவுகோலைக் கொண்டு அவர் மனிதரின் சந்தையை அளக்கிறார். நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை எப்படி நடத்தப்பட்டது என்று அறியாமல் வாங்குவது அறத்துக்கு ஒவ்வாது என்பது அவருடைய துணிபு. தொலைவு கூடக்கூட அந்த அறிவு மங்கிப்போகும். ஆகவே உணவையாவது அருகிலேயே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். ஒரு இலட்சம் மக்களுக்குச் சத்துள்ள உணவு கிடைக்க எத்தனை ஏக்கரில் எந்தப் பயிர் வேண்டும் என்று கணக்குப் போட்டும் காட்டுகிறார். உபதேசத்தோடு நில்லாமல் கணக்குக்கு வருவதுதான் இந்நூலின் பலம்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் நெல் விதைத்து, கண்மாய்த் தண்ணீரில் கரையேறும் மாவட்டம் இது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாயும் குதிரைவாலியும் விளைகின்றன; இம்மண்ணின் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயல்குடிப் பக்கம் பனை நிற்கிறது. வேறு பயிர் ஏறாத நிலத்தில் நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுத்தால் கரும்பு விளையும் நிலம் தானியத்துக்கு மிஞ்சும் என்று குமரப்பா வாதாடினார். அவர் கனவு கண்ட மரம் நம் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் பள்ளிச் சமையற்கூடத்துக்குள் கருப்பட்டி நுழைவது அரிது.

அந்தச் சமையற்கூடத்தின் வரலாறு நினைவுகூரத்தக்கது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, அரசின் பணத்தோடு ஊர்மக்களின் பங்களிப்பும் சேர்ந்தே நடந்தது. 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் வழியாகக் கடல் கடந்த உணவு வந்தது. அந்த மஞ்சள் உப்புமாவை மறக்காத முதியோர் நம்மிடையே உண்டு. எம்.ஜி.ஆர் 1982 சூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கின் அரிசி வந்தது. ஊரார் கொடுத்ததில் தொடங்கி, அயல்நாட்டுக் கப்பலைக் கடந்து, அரசுக் கிடங்கில் வந்து நின்றது நம் பிள்ளைகளின் சோறு. 2022-இல் தொடங்கி, 2024-இல் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் கிச்சடியும் பரிமாறப்பட்டன. ரவையின் தாயான கோதுமை நம் வயலில் விளைவதன்று.

குமரப்பா இருந்திருந்தால் இதைக் கடிந்திருப்பார். தீட்டிய அரிசியை எதிர்த்தவர் அவர். தவிட்டை நீக்கிவிட்டு, பிறகு ஆலையில் இரும்புச்சத்தைச் சேர்த்துச் 'செறிவூட்டிய அரிசி' என்று பள்ளிக்கு அனுப்பிய முறை அவருக்கு நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்திருக்கும்.

ஆனால் திறனாய்வு செய்வோர் நூலாசிரியரோடு சேர்ந்து தலையசைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இக்கடற்கரையில் வைத்துப் பார்க்கையில் இந்நூல் மூன்று இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது, மழை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அருகில் விளைந்ததை மட்டுமே உண்பது என்று விதித்திருந்தால் அவ்வாண்டு இராமநாதபுரத்துப் பிள்ளையின் தட்டு என்ன ஆகியிருக்கும்? பாம்பனுக்கு அப்பால் உள்ள தீவிலோ நெல்வயலே இல்லை. சங்க காலத்து உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினர். நெய்தல் நிலம் என்றைக்குமே தன்னிறைவு கண்டதில்லை.

இரண்டாவது, சாதி. தேன்கூட்டில் சேரி இல்லை. நம் கிராமத்தில் உண்டு. 1957-இல் முதுகுளத்தூர்க் கலவரத்தைக் கண்ட மண் இது. ஊரின் கையை எதிர்பார்த்து உண்பவன் ஊரின் கண்ணுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. எங்கோ உள்ள கிடங்கிலிருந்து பெயர் தெரியாத அரிசி வந்ததால்தான் ஏழைப் பிள்ளை எவருடைய தயவுமின்றி, உரிமையோடு உட்கார்ந்து உண்ண முடிந்தது. தொலைவு சில வேளைகளில் விடுதலையும் தரும். இதைக் குமரப்பாவின் தேனீ நமக்குச் சொல்வதில்லை.

மூன்றாவது, கல்வி. 1937-இல் வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் குமரப்பாவும், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரான ஆரியநாயகமும் இருந்தனர். உழைப்பை இழிவாகக் கருதும் படிப்பைத் திருத்துவதே அவர்களின் விருப்பம். ஆனால் தமிழகத்தில் அந்த எண்ணம் வேறொரு நிழலில் விழுந்தது. 1953-இல் இராஜாஜி, பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 'குலக்கல்வி' என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. வலை இழுப்பவன் மகன் வலைதான் இழுக்க வேண்டும் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்ற அந்த அச்சம் நியாயமானது. பள்ளியையும் வயலையும் இணைக்கப் புறப்படும் எவரும் இதை மறக்கலாகாது.

அப்படியானால் இந்நூலில் நமக்கு எஞ்சுவது என்ன? தன்னிறைவு என்னும் கனவை விட்டுவிடலாம். பொருளுக்குப் பின்னால் உள்ள கையை அறிய வேண்டும் என்னும் அறத்தை விடக் கூடாது. பிள்ளையை வயலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. வயலின் விளைச்சல் உரிய விலையோடு பள்ளிக்கு வரட்டும். அடிப்படை அரிசிக்கு அரசே பொறுப்பாக இருக்கட்டும். மழை பொய்க்கும் நாட்டில் அந்தக் காப்பு தேவை. அதன்மேல் வரும் காய்கறி, மிளகாய், குதிரைவாலி, கருப்பட்டி ஆகியவை இம்மாவட்டத்துச் சிறு விவசாயியிடமிருந்தும் பனையேறியிடமிருந்தும் வரட்டும்.

இது நடக்கக்கூடியதுதானா? பிரேசில் நாடு 2009-இல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி உணவுக்கென நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் கொள்முதல் செய்யவே செலவிட வேண்டும் என்றது. பெருவணிகரோடு ஏலப் போட்டியில் நிற்காமல் அவர்கள் விற்கவும் வழிசெய்தது. நம் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. 1974-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இம்மாவட்டத்து வாலிநோக்கம், மாரியூர்ப் பகுதியில் உள்ளன. அயோடினும் இரும்பும் சேர்த்த அதன் உப்பு சத்துணவுக் கூடங்களுக்குச் சென்றிருக்கிறது. இராமநாதபுரத்து உப்பு தமிழகத்துப் பிள்ளைகளின் குழம்பில் கரைய முடிந்ததென்றால், இராமநாதபுரத்து மிளகாய் இராமநாதபுரத்துப் பிள்ளையின் குழம்புக்கு எட்டாதா? உப்புக்கு வழி அமைந்தது, அரசு அதை ஒரு கடமையாக ஏற்றதால். காய்கறிக்கோ, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சில ரூபாயைக் கொடுத்துவிட்டுச் சத்துணவு அமைப்பாளரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறோம். கடையில் எது மலிவோ அதுவே சட்டிக்குள் போகிறது.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. திருச்சபை நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் இப்பகுதியில் பல. ஆண்டுவிழாவில் பரிசு வழங்கும் பெற்றோர் கூட்டம், சத்துணவுக்குக் காய்கறி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்கலாம். பங்கிலுள்ள விவசாயிகள் நான்கு பேர் சேர்ந்து முறைவைத்துத் தரமுடியுமா என்று பார்க்கலாம். இனாமாக வேண்டாம், விலைக்கே தரட்டும். கொடுத்தவரின் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கமும் வேண்டாம். சமைப்பவர் எவரானாலும் அவர் கையால் எல்லாப் பிள்ளைகளும் உண்ண வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 சனவரி 30-இல் மறைந்தார். அவருடைய நூல் முழுமையான வழிகாட்டியன்று. வறட்சியையும் சாதியையும் அது போதிய அளவு எடைபோடவில்லை. எனினும் பிள்ளையின் தட்டைப் பார்த்து, இது யாருடைய உழைப்பு, அவருக்கு உரியது சேர்ந்ததா என்று கேட்கும் பழக்கத்தை அது நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தக் கேள்விக்காகவே இந்நூலை நம் பங்கு நூலகங்களில் வாங்கி வைக்கலாம்.