பொருளின் வாழ்க்கைச் சுழற்சித் தரவும் கோட்டுருத் தரவுத்தளமும்: ஒரு மதிப்பீடு

ஒரு தொழிற்சாலைப் பொருளின் வாழ்க்கை வடிவமைப்பில் தொடங்கி, உற்பத்தி, விற்பனை, பராமரிப்பு வழியாகக் கழிவில் முடிகிறது. பெரிய நிறுவனங்களில் இக்கட்டங்களின் தரவு ஒரே இடத்தில் இருப்பதில்லை. வரைபடங்கள் வடிவமைப்பு மென்பொருளிலும், கொள்முதல் விவரங்கள் ஈஆர்பி அமைப்பிலும், பழுதுக் குறிப்புகள் சேவைப் பிரிவிலும் இருக்கும். இவற்றை இணைக்க கிராஃப் டேட்டாபேஸ் எனப்படும் கோட்டுருத் தரவுத்தளம் பரிந்துரைக்கப்படுகிறது.

இதில் ஒவ்வொரு பாகமும் ஒரு கணு. பாகங்களுக்கு இடையிலான உறவு ஒரு விளிம்பு. "குறைபாடுள்ள இந்தத் திருகு எந்தெந்த வண்டிகளில் உள்ளது?" என்ற கேள்விக்கு, விளிம்புகளைப் பின்தொடர்ந்தே விடை காணலாம். இது உண்மையான பலம். ஆனால் அட்டவணை வடிவத் தரவுத்தளங்களால் இது முடியாது என்பது மிகைக்கூற்று. மீள்சுழல் வினவல் 1999-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரத்திலேயே இடம்பெற்றுவிட்டது. கோட்டுரு தருவது எளிமை. உறவுகள் பல அடுக்குகளாக நீளும்போது பெரும்பாலும் வேகமும் கூடும்.

முதன்மையான குறை வேறிடத்தில் உள்ளது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் தயாரிப்பு 2006-இல் பெரும் தாமதத்தைச் சந்தித்தது. ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பும், துலூசில் ஐந்தாம் பதிப்பும் பயன்பட்டன. ஓரிடத்தில் செய்த வடிவமைப்பு மாற்றங்கள் மற்றோரிடத்தின் மாதிரியில் சரியாகப் பதிவாகவில்லை. தயாரித்து அனுப்பிய கம்பித் தொகுதிகள் விமானத்தில் பொருத்தும்போது பொருந்தவில்லை. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. இங்கு ஒரு கோட்டுரு இருந்திருந்தால், எந்தக் கம்பி எந்தப் பகுதிக்கு உரியது என்று காட்டியிருக்கும். இரு மாதிரிகளும் ஒத்துப்போகின்றனவா என்பதை அது தானாகச் சொல்லியிருக்காது.

ஒரே பாகத்துக்கு வடிவமைப்புப் பிரிவில் ஓர் எண்ணும் கொள்முதலில் வேறோர் எண்ணும் இருந்தால், அவை ஒன்றே என்று மனிதர்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். தவறாக இணைத்தால், குறையற்ற வண்டிகள் திரும்பப் பெறப்படும். குறையுள்ளவை சாலையில் ஓடும். உறவு எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதும் பதிவாக வேண்டும். இல்லையெனில், இன்றைய பாகப் பட்டியலே பழைய வண்டிக்கும் விடையாக வந்துவிடும்.

கோட்டுரு வினவலுக்கான ஜிக்யூஎல் மொழி 2024-இல் ஐஎஸ்ஓ தரமானது. அது கேள்வி கேட்கும் முறையையே தரப்படுத்துகிறது. பாகங்களின் பெயரையும் பொருளையும் அல்ல. அந்த உடன்பாட்டை எட்டிய நிறுவனத்துக்குக் கோட்டுரு சிறந்த கருவி. எட்டாத நிறுவனத்துக்கு அது குழப்பத்தைக் கோடு போட்டுக் காட்டும் படமாகவே எஞ்சும்.