பல்லரிசி: போர்ச் சொற்கள் எதை மறைக்கின்றன?

தஞ்சாவூர்ப் பக்கம் 'போர்' என்றால் விவசாயிக்கு முதலில் வைக்கோல்போர்தான். 'களம்' என்றால் நெல் அடிக்கிற இடம். இரண்டு 'போர்'களும் ஒரே வேரில் முளைத்தவையா என்பதை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் பழைய கவிஞர்களின் காதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஒலித்திருக்கின்றன. தொல்காப்பியம் உழவரின் களவழியையும் தேர்வீரரின் களவழியையும் வாகைத் திணையில் சேர்த்தே வைக்கிறது. நச்சினார்க்கினியர் பொருநர்களை ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று மூன்றாகப் பிரிக்கிறார். அறுவடைக் களத்தில் பாடி நெல் வாங்குகிறவரும் சண்டைக் களத்தில் பாடி யானை வாங்குகிறவரும் ஒரே இனத்துக் கலைஞர்கள்.

இதை இப்போது பேசக் காரணம், இன்று போர் நமக்கு ஆங்கிலச் சொற்களில்தான் வந்து சேர்கிறது. 'கொலாட்டரல் டேமேஜ்' என்கிறார்கள். செத்தவர்கள் அதற்குள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. 'நியூட்ரலைஸ்' என்கிறார்கள், ஏதோ அமிலத்தில் காரம் ஊற்றிய மாதிரி. 2016இல் 'சர்ஜிக்கல் ஸ்டிரைக்' வந்தபோது நம் பத்திரிகைகள் அதை 'துல்லியத் தாக்குதல்' ஆக்கின. ஆபரேஷன் தியேட்டர் வாசம் போனது, துல்லியம் என்ற நற்சான்றிதழ் மட்டும் தங்கிவிட்டது. கிராமங்கள் மீது குண்டு போடுவதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் வைக்கிறார்கள் என ஜார்ஜ் ஆர்வெல் 1946லேயே எழுதிவிட்டார்.

என் மென்பொருள் துறையில் 'டெப்ளாய்', 'வார் ரூம்', 'டெட்லைன்' இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஆண்டர்சன்வில் சிறை முகாமுக்குள் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைச் சுடலாம். அதுதான் டெட்லைன். நாங்கள் வாரத்துக்கு இரண்டு தாண்டுகிறோம், ஒரு மன்னிப்பு மெயிலோடு முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பெருமிதம் வரும். எங்கள் புறக்கவிதை இப்படி மழுப்பாது, அங்கே பிணம் பிணமாகவே கிடக்கும் என்று. பாதிதான் சரி. மீதிப் பாதிக்குக் கலிங்கத்துப்பரணியைத் திறக்க வேண்டும்.

முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததைச் செயங்கொண்டார் பாடினார். பரணிக்குத் தோற்றவர் பெயரை வைப்பது மரபு. அதன் களக் காட்சியில் பசித்த பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. செத்தவற்றின் பற்கள்தான் அரிசி. முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. குத்தும்போது குலோத்துங்கனைப் புகழ்ந்து வள்ளைப்பாட்டு வேறு. பேய்களை எடுத்துவிட்டால் இது காவிரிக்கரையின் எந்த வீட்டுக் கொல்லையிலும் நடக்கிற வேலை.

இதில் எந்தச் சொல்லும் உடலை ஒளிக்கவில்லை என்பது உண்மை. பல், மூளை, கொழுப்பு எல்லாம் பச்சையாகவே வருகின்றன. ஆனால் பல் அரிசியான பிறகு, 'யாருடைய பல்?' என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை. உலை கொதிக்கிறதா, கூழ் பதமாக வந்ததா என்பதில் மனம் போய்விடுகிறது. தப்பியோடும் கலிங்கர் தலைமயிரைப் பறித்துச் சமணராகிறார்கள், வில்நாணைப் பூணூலாக்கிப் பார்ப்பனராகிறார்கள், நாம் சிரிக்கிறோம். ஆங்கில ராணுவச் சொல் உடலை அப்புறப்படுத்தி மரணத்தை மறைக்கிறது. பரணி உடலை உணவாக்கி மறைக்கிறது. முன்னது அலுவலகத் தந்திரம், பின்னது கவிதையின் தந்திரம்.

ஆனாலும் செயங்கொண்டார் பெரிய கவிஞர். கூழுக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், களத்தில் கணவனைத் தேடும் பெண்களை அவர் காட்டிவிடுகிறார். ஒருத்தி அவன் மார்பு எங்கே, தோள் எங்கே என்று கேட்கிறாள். சற்றுப் பொறுத்துப் பேய்கள் பொறுக்கப்போகும் அதே உறுப்புகள்தான். அவள் கேட்கும்போது அவற்றுக்கு ஓர் ஆள் இருக்கிறான், அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்தச் சில தாழிசைகளை மனதில் வைத்துக்கொண்டு சமையலைப் படித்தால் சிரிப்பு தொண்டையில் நிற்கும். பரணியை வீர இலக்கியம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

டெல்டாவில் கதை அங்கே முடியவில்லை. பழைய கவிதையில் அறுவடை தன் சொற்களைப் போருக்குக் கடன் கொடுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் போரே நெல்வயலுக்கு வந்தது. கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவலுக்கு 'குருதிப்புனல்' என்று பெயர். புறக்கவிதையிலிருந்து நேராக எடுத்து வந்தது போன்ற தலைப்பு. கூலிப் பிரச்சினை நாவலுக்குள் இருக்கிறது. ஆனால் நிலக்கிழாரின் ஆண்மைக் குறையை நோக்கிக் கதை நகர நகர, அந்த நெல் சிறிதாகிக்கொண்டே போகிறது. பெரிய போர்ச்சொல் அட்டையில் நிற்க, எதற்காகச் செத்தார்கள் என்பது உள்ளே மங்கலாகிறது. இதுவும் மறைக்கிற வேலைதான் என்பது என் வாசிப்பு.

ஆகவே ஆங்கிலச் சொல் கெட்டது, தமிழ்ச் சொல் நேர்மையானது என்று பிரித்துவிட முடியாது. எந்தப் போர்ச் சொல்லையும் அந்தப் பெண் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம். அவளுடைய 'எங்கே?'வுக்கு அதனிடம் பதில் உண்டா? 'கொலாட்டரல் டேமேஜ்' அடுத்த முறை செய்தியில் வந்தால் அதற்கு அழகான கலைச்சொல் தேட வேண்டாம். எந்த ஊரில், எத்தனை பேர், யார் போட்ட குண்டில் செத்தார்கள் என்று எழுதினால் போதும்.