நான்கு மணி நேரக் குகை

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தில், ஹாக்கின்ஸ் என்னும் கற்பனை ஊரில் ஒரு வீட்டு நிலவறையில் நான்கு சிறுவர்கள் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு 1983. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, அவர்களில் ஒருவனான மைக்கின் அம்மா வந்து போதும் என்கிறார். இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்த சாகசம் பத்து மணி நேரம் இழுக்கும் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று மைக் முறையிடுகிறான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நடத்திப் பார்த்த எவருக்கும் அந்த முறையீடு பழகிய குரலாகக் கேட்கும்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் உலகத்தையும் அதிலுள்ள அரக்கர்களையும் ஊர்க்காரர்களையும் பார்த்துக்கொள்வார். மற்ற நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத செயல்களுக்கு இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். வழக்கமாக இது வாரக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். அதற்குக் கேம்பெயின் என்று பெயர். ஒரே அமர்வில் தொடங்கி அன்றே முடிந்துவிடும் சாகசம் ஒன்-ஷாட். வேலை, குழந்தை, இரவுப் பணி என்று ஆளுக்கொரு பக்கம் இழுபடும் வயதில் ஐந்து பேரை வாரந்தோறும் ஒரே மேசையில் உட்காரவைப்பது பெரும்பாடு. அதனால் ஒன்-ஷாட்டை வேறு வழியில்லாதவர்களின் ஏற்பாடாகப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அது தவறான பார்வை.

1974-இல் வெளியான இந்த ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற சாகசங்களில் சில, குறைந்த நேரத்தில் ஆடும் விளையாட்டு மாநாட்டுப் போட்டிகளுக்காகவே பிறந்தவை. ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' 1975-இல் முதல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக ஆடப்பட்டது. புத்தகமாக வந்தது 1978-இல். அசெரரக் என்ற மாயாவியின் கல்லறை அது. சுவரில் வாய் பிளந்து நிற்கும் பச்சைப் பிசாசு முகத்துக்குள் நுழைகிறவர் அப்படியே இல்லாமல் போவார். பகடை உருட்டித் தப்பவும் வழி கிடையாது. போட்டி மேசையில் இந்தக் கொடூரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே கையில் இருப்பது அன்றைக்கு இரவல் வாங்கிய பாத்திரம். செத்தாலும் யாருடைய இரண்டு வருட உழைப்பும் போவதில்லை. அதே கல்லறைக்குள், பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரத்தோடு போனவருக்கு அது அநியாயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. எழுத்து ஒன்றுதான், மேசை மாறியதும் அதன் பொருளே மாறிவிடுகிறது.

1979 ஒரிஜின்ஸ் போட்டிக்காக ஹரால்ட் ஜான்சனும் ஜெஃப் லீசனும் எழுதிய 'தி ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டமோவாச்சான்' இன்னும் கூர்மையானது. பழைய கோயிலின் இடிபாடுகளில் நடக்கும் பாத்திரங்கள் தரை உடைந்து கீழ்த்தளத்தில் விழுகிறார்கள். அங்கே நச்சுக் காற்று. நிற்க நிற்க உயிர்ப் புள்ளி கரைகிறது. மேலே ஏறி வெளியேற வேண்டும், அவ்வளவுதான். நேரம் போதாது என்ற மாநாட்டு நெருக்கடியை இது கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. யாரும் கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தத் தேவையில்லை. பாத்திரத்தின் நுரையீரலே அவசரப்படுத்துகிறது. ஒன்-ஷாட்டின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

பெரும்பாலான ஒன்-ஷாட்டுகள் இதில்தான் தோற்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் நீண்ட பயணத்துக்காகச் செய்யப்பட்டவை: இருபது லெவல்கள், மெல்ல மெல்லச் சேரும் மந்திரங்கள். மாநாடுகளில் வழக்கமான நான்கு மணி நேரத்துக்குள் இதைத் திணித்தால் முதலில் அடிபடுவது ஆடுகிறவர்களின் சுதந்திரம். ஒரு பெரிய சண்டைக்கே ஒரு மணி நேரம் போய்விடுவது சாதாரணம். எனவே டன்ஜன் மாஸ்டர் கிளைவழிகளை ஒவ்வொன்றாக மூடுகிறார். கோட்டைக்குப் போகாமல் சந்தைக்குப் போகலாம் என்று ஒருவர் கேட்டால், சந்தை அன்றைக்கு அடைத்திருக்கிறது. எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்பதுதான் கணினி விளையாட்டுகள் தராத, இந்த ஆட்டம் மட்டுமே தரும் பரிசு. அதையே பிடுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவது பகடை உருட்டும் சடங்கு.

ஜான் ஃபோர் என்பவர் பரப்பிய 'ஐந்து அறைக் குகை' என்ற அச்சு பலருக்குக் கைகொடுக்கிறது: காவலோடு ஒரு வாசல், ஒரு புதிர், ஒரு சறுக்கல், உச்சக்கட்டச் சண்டை, கடைசியில் புதையலோ திருப்பமோ. புதிதாக நடத்துகிறவருக்கு இது நல்ல ஊன்றுகோல். ஆனால் நாலைந்து முறை ஆடியவர் மூன்றாம் அறையில் ஏதோ சறுக்கும் என்று முன்பே காத்திருக்கத் தொடங்குவார். வியப்பு அங்கே செத்துவிடுகிறது.

தயார்ப் பாத்திரங்களைக் கொடுப்பதும் இருமுனைக் கத்திதான். பாத்திரம் உருவாக்கும் நேரம் மிச்சமாகிறது. தானே படைத்த ஒருவரோடு வரும் ஒட்டுதல் போய்விடுகிறது. ஜான் ஹார்ப்பரின் 'லேடி பிளாக்பேர்ட்' (2009) என்ற வேறோர் ஆட்டம் இதற்கு அழகான விடை கண்டது. விருப்பமில்லாத திருமணத்திலிருந்து தப்பி ஓடும் சீமாட்டி, அவளுடைய மெய்க்காவலாளி, அவள் மேல் சொல்லாத காதல் கொண்ட கப்பல் தலைவன் எனப் பாத்திரங்களுக்கு இடையிலுள்ள உறவுகள் முன்கூட்டியே பின்னப்பட்டிருக்கின்றன. ஆட்டம் தொடங்கும்போதே அவர்கள் பகைவரின் கப்பலில் கைதிகள். அறிமுகப் படலமே தேவைப்படுவதில்லை. தாளில் எண்கள் மட்டும் நிரம்பிய பாத்திரத்தைக் கையில் திணித்து நடி என்பவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

நாளை இல்லை என்ற குறை மட்டும் முழுதாகத் தீரவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2014-இல் தொடங்கிய அட்வென்ச்சரர்ஸ் லீக் என்ற ஏற்பாடு ஒரே பாத்திரத்தை மேசை மாற்றி மேசை கொண்டுபோக இடம் கொடுத்தது; லெவலும் பொருளும் கூடவே வரும். ஆனால் முந்திய மேசையில் காப்பாற்றிய கிராமத்தை அடுத்த மேசை அறியாது. கதையின் நினைவு வருவதில்லை.

குட்மேன் கேம்ஸின் 'டன்ஜன் க்ராவ்ல் கிளாசிக்ஸ்' (2012) என்ற ஆட்டம் இந்தக் குறையையே தலைகீழாகப் பிடித்தது. ஃபன்னல் என்று அந்த முறைக்குப் பெயர், அதாவது புனல். ஒருவருக்கு மூன்று நான்கு பாத்திரங்கள், எல்லோரும் லெவல் 0: குடியானவர், கொல்லர், கூலியாள். தொழிலையும் பகடைதான் முடிவுசெய்கிறது. நாலு முகப் பகடையில் வந்ததுதான் உயிர்ப் புள்ளி. பெரும்பாலும் ஓர் அடி போதும். 'செய்லர்ஸ் ஆன் தி ஸ்டார்லெஸ் ஸீ' சாகசத்தில் இந்த ஊர்க்காரர்கள், காணாமல் போன தங்கள் மனிதர்களைத் தேடி ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இறங்குகிறார்கள். பலர் திரும்புவதில்லை. மிஞ்சுகிறவர் லெவல் 1 ஆகிறார். கவைக்கோலோடு உள்ளே போன குடியானவனுக்கு, அவன் உயிரோடு வெளியே வந்த பிறகுதான் சிலர் பெயரே வைக்கிறார்கள்.