பாடும் பாட்டும்: ஒரு திரைப்படத் தலைப்பின் மொழிபெயர்ப்பு

பதின்பருவத்தினருக்கென எடுக்கப்பட்ட பிரித்தானிய இசைப்படங்களுள் குறிப்பிடத்தக்கது, பீட்டில்ஸ் குழுவினரைக் கொண்டு ரிச்சர்ட் லெஸ்டர் 1964இல் இயக்கிய 'எ ஹார்ட் டேஸ் நைட்'. இத்தலைப்பு ரிங்கோ ஸ்டாரின் வாய்ப்பிறழ்ச்சியினின்று பிறந்தது. இதனைக் 'கடினமான நாளின் இரவு' எனப் பெயர்ப்பின் சொற்பொருள் நிற்கும்; உழைப்பின் அலுப்பு மறையும். படமோ இரயில், ஒத்திகை, நிகழ்ச்சி என ஓயாது வேலை வாங்கப்படும் பாடகர்களைக் காட்டுகிறது.

இவ்வலுப்பு தமிழுக்கு அயலன்று. நந்திதுர்க் உள்ளிட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்களில், அவை 2001இல் மூடப்படும்வரை, தமிழர் ஷிப்டு முறையில் இரவும் பகலும் உழைத்தனர். அத்தகைய வாழ்வைச் சுட்டத் தமிழில் 'பாடு' உண்டு. உழைப்பைக் குறிக்கும் 'பாடு', இசையைக் குறிக்கும் 'பாட்டு' ஆகிய இரண்டும் வேற்றுமை ஏற்கையில் 'பாட்டின்' என ஒரே வடிவம் பெறும். ஆகவே 'பகற்பாட்டின் இரவு' இருபொருளையும் தாங்கும். மூலத்தின் பிறழ்ச்சிச் சுவை இதில் இல்லை. எனினும் படத்தின் மையப்பொருள் தவறவில்லை.