அடித்த இரும்பின் அழகு

சன்னல் கிராதியில் இருக்கும் ஒரு சுருளைப் பார்த்ததும், அது உலையில் காய்ச்சி அடித்ததா, பச்சைக் கம்பியை இயந்திரத்தில் வளைத்ததா என்று சொல்லிவிடலாம். பருமனைப் பார்த்தால் போதும். வளைத்த கம்பி அடியிலிருந்து நுனிவரை ஒரே கனத்தில் போய், வெட்டிய இடத்தில் நின்றுவிடும். அடித்த கம்பி போகப் போக மெலியும். சுருளின் உள்வட்டத்துக்குள் நுழையும்போது பாதிப் பருமனாகி, நுனியில் மீன்வாலாக விரியும், அல்லது சிறு குமிழாகத் திரண்டு முடியும். பாகற்கொடியின் பற்றுக்கம்பி இப்படித்தான் மெலிந்து சுருள்கிறது. அதனால்தான் அடித்த இரும்பு வளர்ந்ததுபோலத் தெரிகிறது.

தச்சர் மரத்தைச் செதுக்குகிறார், சிற்பி கல்லைக் கொத்துகிறார். இருவர் கையிலும் பொருள் குறைகிறது. கொல்லர் பெரும்பாலும் எதையும் கழிப்பதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் 10 சென்டிமீட்டர் எடுத்து 6 மில்லிமீட்டர் சதுரமாக இழுத்தால், அது 40 சென்டிமீட்டர் நீளும். இழுப்பதற்கும் முறை உண்டு. உருண்டை நுனி வேண்டுமென்றாலும் முதலில் சதுரமாகவே இழுக்க வேண்டும், பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை, கடைசியில்தான் உருண்டை. நேரே உருட்டி அடித்தால் நடுவில் கீறல் விழும்.

இதற்கெல்லாம் நெருப்பு ஒத்துழைக்க வேண்டும். ஏறக்குறைய 1,100 டிகிரியில் இரும்பு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் கொள்ளும். அப்போது சுத்தியலுக்கு இணங்கும். நிறம் இறங்கி மங்கிய சிவப்பானால் நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைக்க வேண்டும். அந்த ஆரஞ்சு நிறத்தையும் தாண்டிச் சூடேறினால் வெள்ளைப் பொறி தெறிக்கும். இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்ல கொல்லருக்கு இந்த நிறங்களே வெப்பமானி. வெயில் நேரடியாக விழாத நிழலில் உலை இருப்பதும் இந்த நிறங்கள் தெரிவதற்காகத்தான்.

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள நம் விளாத்திகுளத்துக்கு இந்தக் கலையில் ஒரு தனி வசதி உண்டு. வைப்பாற்றங்கரையிலும் கரிசல் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுகிறார்கள். நாட்கணக்கில் புகைந்து இறங்கும் அந்தக் கரி லாரி லாரியாக வெளியூர் போகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று நாம் வைவது நியாயம்தான். ஆனால் உலைக்கு அதன் கரி அருமையானது. நிலக்கரியிலுள்ள கந்தகம் மரக்கரியில் இல்லையென்றே சொல்லலாம். கந்தகம் சேர்ந்த இரும்பு சூட்டில் நொறுங்கும். இரண்டு துண்டுகளைக் காய்ச்சி ஒன்றாக அடித்து ஒட்டும்போது அந்தத் தூய நெருப்பின் அருமை தெரியும்.

இந்தப் பக்கத்துக் கொல்லம்பட்டறைகளில் அலங்காரம் என்று தனியாக எதுவும் பெரும்பாலும் இருந்ததில்லை. கருக்கரிவாளின் வாயில் உளியால் வெட்டும் கருக்கு வரிசை, கதிர் வழுக்காமல் இருக்க வெட்டியது. அந்த ஒழுங்கு கண்ணுக்கு விருந்தானது அதன்பிறகு. வேம்பார்ப் பனையேறியின் பாளை அரிவாள் அகலமாய், மெல்லியதாய் இருக்கும். பாளையின் நுனியை நாள்தோறும் சீவலாகச் சீவ வேண்டும். வாய் மழுங்கினால் பாளை நசுங்கிவிடும். அந்த வாய்க்குத் தோய்ச்சல் போடுவது பட்டறையின் மிக நுட்பமான வேலை. சூடு கூடினால் வாய் பொரியும், குறைந்தால் மடங்கும். ஆனால் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டு செய்யும் வல்லயத்தையும், கருப்பசாமிக்குச் சாத்தும் ஆளுயர அரிவாளையும் பாருங்கள். எந்தக் கதிரையும் அறுக்காத, வணங்குவதற்கென்றே அடித்த இரும்பு அது. நம் ஊரின் அலங்கார இரும்பு என்று நான் முதலில் சுட்டுவது அதைத்தான்.

இந்த மண்ணில் இரும்பின் வயதும் சிறியதல்ல. இதே தூத்துக்குடி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூரில் 1899இல் அலெக்சாண்டர் ரீ தொடங்கிய அகழாய்வில் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. பக்கத்திலுள்ள சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போவதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது.

எவ்வளவு பழைய கலையானாலும் கைவிட்டால் மறைந்துவிடும். அமெரிக்காவில் கார்களும் டிராக்டர்களும் வந்தபின் ஊர்ப் பட்டறைகள் ஏறக்குறைய அழிந்தே போயின. பிறகு ஆர்வலர்கள் கூடி, 1973இல் கலைக்கொல்லர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். எஞ்சியிருந்த பெரியவர்களிடம் கேட்டும், புத்தகத்தில் படித்தும், விட்டுப்போன கையசைவுகளை மீட்டார்கள். இன்று ஆசிரியர்களும் மருத்துவர்களும் விடுமுறை நாளில் உலை மூட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு சுற்றிப் போக வேண்டியதில்லை. கற்றுத்தரக்கூடிய கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன.

அந்தக் கைகளைப் பார்த்துக் கற்ற கொஞ்சத்தை வைத்து நண்பர்களுக்குச் சிறு பொருள்கள் அடித்துக் கொடுக்கிறேன்: விளக்குத் தொங்கவிடும் கொக்கி, கதவு நாதாங்கி, வேப்பிலை வடிவில் ஒரு சாவிமாட்டி. இவற்றில் எனக்குப் பிடித்தது முறுக்கு. சதுரக் கம்பியின் நடுப்பகுதியை ஒரே சீராகக் காய்ச்சி, ஒரு முனையைப் பிடிசிராவியில் இறுக்கி, மறுமுனையைத் திருக வேண்டும். சூடு ஓரிடத்தில் கூடியிருந்தால் முறுக்கு அங்கே நெருங்கிவிடும். முடிந்ததும் இளஞ்சூட்டில் தேன்மெழுகு தேய்த்தால் கருமை ஆழ்ந்து படியும். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு அது மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை துடைத்து எண்ணெய் பூசச் சொல்லியே கொடுக்கிறேன். அந்தக் கொக்கி எந்த உத்தரத்தில் தொங்கும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்தே அடிப்பதால் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் இருக்கிறது. கடையில் வாங்கும் பொருளில் இந்தப் பொருத்தம் அமைவது அரிது.

கொல்லர்கள் அருகிவருகிறார்கள். அரிவாளும் மண்வெட்டியும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன, கதிரை இயந்திரம் அறுக்கிறது. பட்டறை உலை அணையாமலிருக்க அதற்குப் புது வேலை வேண்டும். அதை நாம்தான் கொடுக்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் ஒரு கொக்கியையோ நாதாங்கியையோ பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாக அப்படியொன்றைக் கொண்டு போங்கள். எடைக்கு விலை பேசாதீர்கள். கொல்லரின் ஒரு நாள் கூலியைக் கேட்டு, அதைக் குறைக்காமல் கொடுங்கள்.