கிராஃபீன் மின்தேக்கி: கிராம் கணக்கும் குடக் கணக்கும்

கைப்பேசிக்கு ஒரே நிமிடத்தில் மின்னேற்றிவிடும் கிராஃபீன் மின்தேக்கி வரப்போகிறது என்ற செய்தி கடந்த பல ஆண்டுகளில் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். என் மாணவர்கள் அதை ஆவலோடு கேட்கிறார்கள். வாசகர்களே, செய்தியை விட்டு, அதற்கு மூலமான ஆய்வுக் கட்டுரை ஒன்றையே உரசிப் பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாஹெர் எல்-கேடியும் ரிச்சர்ட் கானரும் குழுவினரும் செய்த ஆய்வு 2012இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. செய்முறை எளிது. கிராஃபைட் ஆக்சைடை நீரில் கலந்து, டி.வி.டி. தட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் ஊற்றி உலர்த்துகிறார்கள். தட்டின் மேல் பெயர் பொறிப்பதற்கென்றே லேசர் அமைந்த கருவியில் அதைச் சுழலவிடுகிறார்கள். லேசர் பட்ட இடத்தில் ஆக்சிஜன் நீங்கி, பழுப்புப் படலம் கறுத்துக் கிராஃபீனாகிறது. கிராஃபீன் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஒட்டினால் மின்னூட்டம் தங்கும் பரப்பு வீணாகும். இங்கோ விரைந்து வெளியேறும் வாயு ஏடுகளை உப்பச் செய்து விலக்கி நிறுத்துகிறது. கிடைத்த பரப்பு கிராமுக்கு 1520 சதுர மீட்டர். நம் நிலக் கணக்கில் ஏறத்தாழ 38 சென்ட்! கெட்டிக்கார வேலை என்பதில் ஐயமில்லை.

ஆனால் பொரியை நினைத்துக்கொள்ளுங்கள்: எடை சொற்பம், படி நிறைந்துவிடும். உப்பிய கரியும் அப்படித்தான். ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. மின்முனை, மின்பகுளி, நடுத்தாள் எல்லாம் சேர்ந்த முழுச் சாதனத்தின் கன அளவுக்கே கணக்கிட்டு, கன சென்டிமீட்டருக்கு 1.36 மில்லிவாட்-மணி வரை என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கமான கரி மின்தேக்கியைப்போல் இது இரு மடங்கு. லித்தியம் மின்கலமோ அதே இடத்தில் சில நூறு மில்லிவாட்-மணியை அடக்கும். அப்படியிருக்க, கட்டுரைச் சுருக்கத்தில் ‘மிக மிக உயர்ந்த ஆற்றல் அடர்த்தி’ என்ற பொருளில் எழுதியதை நான் ஒப்பமாட்டேன். செய்தியாளர்கள் பிடித்துக்கொண்டது அத்தகைய சொற்களைத்தானே!

நீங்களே வகுத்துப் பாருங்கள். இன்றைய கைப்பேசி மின்கலத்தில் சுமார் 15,000 மில்லிவாட்-மணி ஆற்றல் உண்டு. 1.36ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11,000 கன சென்டிமீட்டர், அதாவது 11 லிட்டர். சட்டைப்பை போதாது, குடம் வேண்டும்! அந்த ஆற்றலை ஒரே நிமிடத்தில் செலுத்த 900 வாட் தேவை. அது இஸ்திரிப்பெட்டி இழுக்கும் அளவு.

இதே ஆய்வாளர்கள் 2013இல் ஒரே தட்டில் 100க்கும் மேற்பட்ட நுண் மின்தேக்கிகளை அரை மணிக்குள் வரைந்து காட்டினார்கள். சில்லுகளோடும் சிறு உணரிகளோடும் இணைக்க ஏற்ற அளவு அது. எனக்கு அந்த இரண்டாம் கட்டுரைதான் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி மாணவர் எவரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.