மேதைமையும் பொறுப்பும்

ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் வாக்னர், யூத இசைக் கலைஞர்களை இழித்துரைக்கும் கட்டுரையொன்றை 1850-இல் புனைபெயரில் வெளியிட்டார். 1869-இல் அதனையே விரித்துத் தம் சொந்தப் பெயரில் மறுபதிப்புச் செய்தார். இடையில் பவேரிய மன்னரின் ஆதரவும் பெரும்புகழும் அவரை வந்தடைந்திருந்தன. புகழ் அவரது வெறுப்பைத் தணிக்கவில்லை; அதனை ஒளிவின்றிச் சொல்லும் துணிவையே தந்தது.

1882-இல் அவரது 'பார்சிஃபால்' இசை நாடகத்தின் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்தியவர் ஹெர்மன் லெவி. யூத மதகுரு ஒருவரின் மகன். லெவியின் ஆற்றல் வேண்டியிருந்தது. அவருடைய சமூகத்தின் மீதிருந்த காழ்ப்போ மாறவில்லை.

வாக்னர் இசையின் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆனால், 'மேதைகள் அப்படித்தான்' என்னும் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. அகந்தைக்கு அத்தகைய சலுகையை வழங்குவது பெரும்பாலும் ரசிகர்களாகிய நாமே.

நாஜிகள் போற்றிய வாக்னரின் இசை, இஸ்ரேலிய மேடைகளில் நெடுங்காலம் தவிர்க்கப்பட்டு வந்தது. 2001 ஜூலையில் ஜெரூசலத்தில் அதனை இசைக்க முனைந்த டேனியல் பாரன்பாயிம், முதலில் அவையோரின் கருத்தைக் கேட்டார்; வாதம் நீண்டது; விரும்பாதோர் வெளியேறிய பின்னரே இசைத்தார். அச்செயலும் கடுங்கண்டனத்துக்கு உள்ளானது. எனினும், தம் கலையால் புண்படக்கூடியவரும் அவையில் உண்டு என அவர் எண்ணிப் பார்த்தார். கலைஞனிடம் நாம் கோருவது, குறைந்தது, அந்த எண்ணத்தையே.